வான்சாகசத்திற்கான ரேடியோ விமானம்: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கட்டுவது?

வானம்பாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேலிறக்கைப் பயிற்சி விமானத்தில் தொடங்கி, இப்போது நான்கு கட்டுப்பாடுகள் கொண்ட தாழிறக்கை விமானம் ஒன்றைப் பறக்கவிட்டு வருகிறேன். லூப் (செங்குத்து வட்டம்), ரோல் (நீளவாக்கில் உருளுதல்), தலைகீழ்ப் பறத்தல் ஆகியவை ஓரளவு கைவந்துவிட்டன. ஆனாலும் தலைகீழாகப் பறக்கும்போது எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பை) விடாமல் முன்தள்ளிப் பிடித்திருக்க வேண்டியுள்ளது. மெதுவாக ரோல் செய்தால் பாதியிலேயே விமானம் பாதையை விட்டு விலகுகிறது. நைஃப் எட்ஜில், அதாவது இறக்கைகளைச் செங்குத்தாக நிறுத்தி உடற்பகுதியின் பக்கவாட்டைக் கொண்டே பறக்கும் நிலையில், சில விநாடிகளுக்குள் உயரத்தை இழந்துவிடுகிறது.

எனவே சாகசத்திற்கென்றே வடிவமைக்கப்பட்ட மின்மோட்டார் விமானம் ஒன்றைக் கட்ட விரும்புகிறேன். இறக்கை அகலம் சுமார் 1.2 மீட்டர் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். துல்லியப் பறத்தலுக்கான வடிவமா, த்ரீடி எனப்படும் தொங்கிப் பறக்கும் சாகசங்களுக்கான வடிவமா என்பதில்தான் முடிவெடுக்க முடியவில்லை. லேசர் இயந்திரத்தில் வெட்டிய பால்சா மரப் பாகங்களை வாங்கி நானே ஒட்டிக் கட்டும் பொறுமை எனக்கு உண்டு. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

நேர்கோடு எழுதியது:

நீங்கள் கூறிய மூன்று குறைகளுக்கும் பெரும்பாலும் உங்கள் விமானத்தின் வடிவமே காரணம். பயிற்சிக்கான விமானங்களில் இறக்கையின் குறுக்குவெட்டு மேற்புறம் அதிகம் வளைந்தும் கீழ்ப்புறம் தட்டையாகவும் இருக்கும். அத்தகைய இறக்கை நேராகப் பறக்கும்போது எளிதாகத் தூக்குவிசை தரும், தலைகீழானால் அதே விசைக்கு மூக்கை வெகுவாக உயர்த்த வேண்டிவரும். அவற்றின் ஈர்ப்பு மையமும் நிதானத்திற்காக முன்னால் வைக்கப்பட்டிருக்கும். இறக்கைகள் நுனிநோக்கி மேலேறியும் இருப்பதால், ரடரை, அதாவது மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பரப்பை, தொட்டவுடன் விமானம் உருளவும் தொடங்குகிறது.

சாகச விமானத்தில் இவையெல்லாம் நீக்கப்படுகின்றன. இறக்கை மேலும் கீழும் ஒரே வளைவு கொண்டது; மோட்டாரின் அச்சு, இறக்கை, கிடைவால் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட இணையாகவும், உயரத்தில் ஒன்றையொன்று நெருங்கியும் அமைகின்றன. இதனால் விமானத்திற்குத் ‘தலைமேல்’, ‘தலைகீழ்’ என்ற பேதமே குறைந்துவிடுகிறது. வால்டர் எக்ஸ்ட்ரா வடிவமைத்து 1988இல் முதன்முதலில் பறந்த எக்ஸ்ட்ரா 300 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நடு உயர இறக்கை, சமச்சீர்க் குறுக்குவெட்டு, பெரிய ரடர் ஆகியவை அதில் இருப்பதால்தான் மாதிரி விமானம் கட்டுவோர் இன்றும் அதை நாடுகிறார்கள்.

எந்த விமானம் என்று கேட்பதற்கு முன்னால், எந்தச் சாகசங்களைப் பறக்க விரும்புகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வட்டமான லூப், நேர்கோட்டில் செல்லும் மெதுவான ரோல், செங்குத்தாக ஏறி ரடரால் மட்டும் திரும்பும் ஸ்டால் டர்ன், நான்கு நிறுத்தங்கள் கொண்ட ரோல் என்று பட்டியல் அமைந்தால் உங்கள் நாட்டம் துல்லியப் பறத்தலில் இருக்கிறது. அதன் உச்சம் எஃப்3ஏ என்ற உலகப் போட்டிப் பிரிவு; அங்கே விமானத்தின் நீளமும் அகலமும் 2 மீட்டருக்குள், எடை 5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அந்த வரம்புக்குள் உடற்பகுதியை உயரமாக்கி உயரமாக்கி, நைஃப் எட்ஜில் அதுவே இறக்கையாகச் செயல்படும்படி செய்துவிட்டார்கள். மாறாக, புரொப்பெல்லரில் தொங்கி நிற்பது, மூக்கைத் தூக்கியபடி நடைவேகத்தில் ஊர்ந்து செல்லும் ஹாரியர், தட்டைச் சுழல் ஆகியவை உங்கள் பட்டியலில் இருந்தால் அது த்ரீடி.

என் பரிந்துரை இதுதான்: 1.2 மீட்டர் அளவில், உண்மையான போட்டி விமானத்தின் வடிவத்தைப் பின்பற்றிய நடு இறக்கை விமானம் ஒன்றைக் கட்டுங்கள். கட்டுப்பாட்டுப் பரப்புகளின் அசைவைக் குறைத்தால் அது துல்லியமாகப் பறக்கும். பின்னாளில் அசைவைக் கூட்டினால் த்ரீடியும் கற்றுக்கொள்ளலாம். மிகையாக ஒடுங்கும் இறக்கையைத் தவிர்த்துவிடுங்கள். நுனி குறுகக் குறுக, மெதுவாகப் பறக்கும்போது நுனி முதலில் தூக்குவிசையை இழந்து, எச்சரிக்கையே இல்லாமல் விமானம் ஒரு பக்கமாகப் புரண்டுவிடும். இறக்கையின் முன்விளிம்பு சற்று மழுங்கியிருப்பதும் நல்லது.

சுழல்காற்று எழுதியது:

நேர்கோடு அவர்களின் கருத்தை மதிக்கிறேன், ஆனால் முதல் சாகச விமானத்தைப் பால்சாவில் கட்டச் சொல்வதை ஏற்க முடியவில்லை. தரையிலிருந்து ஆளுயரத்தில் தலைகீழாகப் பறந்து பழகினால்தான் கை தானாகவே எலிவேட்டரை முன்தள்ளும். கட்டப் பல வாரங்கள் எடுத்த விமானத்தை அந்த உயரத்திற்குக் கொண்டுவர எவருக்கும் மனம் வராது. ஈபிபி எனப்படும் வளையும் பிளாஸ்டிக் நுரையில் செய்த விமானம் விழுந்தாலும் வளைந்து மீளும். கிழிந்த இடத்தைச் சிறிது பசையால் ஒட்டி அப்போதே மீண்டும் பறக்கவிடலாம். சுமார் 80 செ.மீ. அகலமுள்ள தட்டையான நுரை விமானம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் துணிச்சலைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். கணினிச் சிமுலேட்டரும் அதே பணியைச் செய்யும். நைஃப் எட்ஜில் எந்தப் பக்கத்து ரடர் என்ற குழப்பம் அங்கேயே தீர்ந்துவிட வேண்டும்.

நேர்கோடு எழுதியது:

துணை விமானமாக நுரையை வைத்துக்கொள்வதில் எனக்கும் முழு உடன்பாடே. ஆனால் தட்டையான நுரை விமானத்தில் கோட்டின் நேர்த்தியைக் கற்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் இழுவை அதிகம், எடை மிகக் குறைவு. சிறு காற்றுக்கும் பாதை மாறும். அது சறுக்கினால் பிழை கையினுடையதா காற்றினுடையதா என்று பழகுபவருக்குத் தெரியாது.

பால்சாத்தச்சன் எழுதியது:

கட்டுமானத்தைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் விமானம் நன்றாகப் பறக்குமா என்பதில் பெரும்பகுதி கட்டும் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது என்று உறுதியாக நம்புகிறேன். அங்கே முக்கியமானவை இரண்டே இரண்டு: எடை, நேர்மை (கோணலோ முறுக்கோ இல்லாத நேரான அமைப்பு).

முதலில் எடை. 1.2 மீட்டர் அகலமுள்ள இவ்வகை விமானத்தின் இறக்கைப் பரப்பு சுமார் 33 சதுர டெசிமீட்டர் இருக்கும். பேட்டரியுடன் மொத்த எடை 1320 கிராம் என்றால், ஒரு சதுர டெசிமீட்டருக்கு 40 கிராம் சுமை. கணக்கிட்டுப் பார்த்தால் இந்தச் சுமையில் விமானம் விநாடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர் வேகம் வரை தாங்கி நிற்கும்; அதற்குக் கீழே சென்றால் ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும். அதே விமானம் 1600 கிராமாகிவிட்டால் ஸ்டால் வேகம் 8.8 மீட்டராகிறது. வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் லூப்பின் அடியில் எடையைப் போல் நான்கு மடங்கு விசையை இறக்கை தாங்கும்போது ஸ்டால் வேகம் இரு மடங்காகும், அப்போது அந்த வித்தியாசமும் இரு மடங்காகும். எடை கூடிய விமானத்தில் லூப்பை இறுக்கிப் பிடிக்க முயன்றால் அது புரண்டு விழுவதற்கு இதுவே காரணம். புதியவர்கள் பெரும்பாலும் விரலைக் குறை சொல்கிறார்கள். குறை தராசில் இருக்கிறது.

ஆகவே மரத்தை எடைபோட்டே தேர்ந்தெடுங்கள். 3 மி.மீ. தடிமன், 10 செ.மீ. அகலம், 1 மீட்டர் நீளமுள்ள பால்சாத் தகட்டின் கனஅளவு 300 கன செ.மீ.; மென்மையான தகடு 30 கிராம் இருக்கும், கெட்டியான தகடு 54 கிராம் வரை போகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. லேசான தகடுகள் வாலுக்கும் இறக்கை நுனிகளுக்கும், கெட்டியானவை இறக்கையின் நடுச்சட்டத்திற்கும் என்று முதலிலேயே பிரித்து அடுக்கிவிடுங்கள். வெட்டிய பாகங்களாக வாங்கினாலும் இரண்டு இறக்கைகளின் விலா எலும்புகளை, அதாவது குறுக்குச் சட்டங்களை, தனித்தனியே நிறுத்துப் பார்த்து, எடை சமமாகும்படி மாற்றிக்கொள்ளலாம். புள்ளிகள் மின்னும் கால்வெட்டு மரம் வளையாது, எனவே விலா எலும்புகளுக்கு உகந்தது. முன்விளிம்பில் வளைத்துப் போர்த்தும் தகட்டுக்கு எளிதில் வளையும் நேர்வெட்டு மரமே சரி.

வாலில் சேரும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டரைக் கிராம் வரை ஈடுகட்ட வேண்டியிருக்கும், ஏனெனில் ஈர்ப்பு மையத்திலிருந்து வால் இருக்கும் தூரம் மூக்கின் தூரத்தைவிட அவ்வளவு அதிகம். இதை உணர்ந்தவர் வாலில் எபாக்ஸி பூசமாட்டார். எபாக்ஸி தேவைப்படும் இடங்கள் மோட்டார் சுவர், சக்கரக்கால் பதியும் தளம், இறக்கைக் குழாய்ப் பொருத்து ஆகியவைதாம். மற்ற இணைப்புகளுக்கு நீர்த்த சயனோ பசை போதும். இணைப்பு இடைவெளியின்றிப் பொருந்தியிருந்தால் அது மரத்தைவிட உறுதியாகவே நிற்கும். பொருந்தாத இடத்தைப் பசையால் நிரப்புவது எடையைக் கூட்டுமே தவிர வலிமையைக் கூட்டாது.

இரண்டாவது, நேர்மை. சமதளமான பலகையில் ஊசி குத்திக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு அடியில் வைப்பது கண்ணாடித் தகடானாலும் சரி, கல்பலகையானாலும் சரி, முதலில் அது சமமா என்று நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். உடற்பகுதி சேர்ந்ததும் வால்முனையின் மையத்திலிருந்து இரு இறக்கை நுனிகளுக்கும் நூலிழுத்து அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். இறக்கையின் கோணமும் கிடைவாலின் கோணமும் அரை டிகிரிக்குள் ஒத்திருக்கட்டும். இறக்கையில் முறுக்கு இருந்தால் உறைப்படலத்தைச் சூடாக்கி இழுத்து ஓரளவு சரிசெய்யலாம், ஆனால் வெயிலில் அது மெல்லத் திரும்பி வந்துவிடும். மரத்திலேயே நேராக்கிவிடுவதுதான் நிலையான தீர்வு.

உறைப்படலத்தில் மேற்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் முற்றிலும் வேறுபட்ட வடிவங்களைத் தெரிவுசெய்யுங்கள். மேலே அகன்ற பட்டைகளும் கீழே சதுரக் கட்டங்களும் இருந்தால் தொலைவிலும் நிலை குழம்பாது. மேகமூட்டத்தில் எந்த நிறமும் கருமையாகவே தெரியும், வடிவம்தான் கைகொடுக்கும்.

வானம்பாடி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. தராசு வாங்கிவிட்டேன், தகடுகளைப் பிரித்து அடுக்கும் வேலையே இத்தனை சுவையானது என்று நினைத்திருக்கவில்லை. நடு இறக்கை வடிவத்தையும் முடிவு செய்துவிட்டேன். இனி மோட்டார், பேட்டரி பற்றிக் கேட்கிறேன். உந்துவிசை எடையைப் போல் எத்தனை மடங்கு இருக்க வேண்டும்? சிலர் ஒன்றரை என்கிறார்கள், சிலர் இரண்டுக்குக் குறையக் கூடாது என்கிறார்கள்.

மின்னோடி எழுதியது:

துல்லியப் பறத்தலுக்கு ஒன்றரை மடங்கு போதும். புரொப்பெல்லரில் தொங்கிய நிலையிலிருந்து சட்டென மேலே எழ வேண்டும் என்றால் இரண்டு மடங்கு தேவை. நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, 2200 மில்லி ஆம்பியர் மணி, ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்திற்கு 800 சுற்றுகள் அளவிலான மோட்டார், 13×6.5 அங்குல (விட்டம் × ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) மின்மோட்டார் வகைப் புரொப்பெல்லர் என்ற சேர்க்கை இந்த அளவு விமானத்திற்கு நன்கு பொருந்தும். முழுத் திராட்டிலில் நிமிடத்திற்கு 8500 சுற்றுகளை ஒட்டி வந்தால், புரொப்பெல்லர் காற்றைத் தள்ளும் வேகம் விநாடிக்குச் சுமார் 23 மீட்டர். மேலேறும் கோடுகள் நீளமாக வர அது போதுமானது.

முழுத் திராட்டிலில் மின்னோட்டம் 50 ஆம்பியர் வரை செல்லக்கூடும் என்பதால், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 60 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கட்டும். 2.2 ஆம்பியர் மணி பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் எடுப்பது 23 மடங்கு வெளியேற்றம். எனவே அட்டையில் 35சி (35 மடங்கு) அல்லது அதற்கு மேல் எழுதியிருப்பதை வாங்குங்கள், ஏனென்றால் அட்டையில் எழுதிய எண்களை அப்படியே நம்ப இயலாது. சராசரி மின்னோட்டம் 20 ஆம்பியர் என்று கொண்டு, பேட்டரியில் எண்பது விழுக்காட்டை மட்டும் பயன்படுத்தினால், ஐந்து நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகப் பறக்கலாம். டைமரை நான்கரை நிமிடத்தில் வைத்துத் தொடங்கி, இறங்கிய பின் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். பறக்காத நாள்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் சேமித்து வையுங்கள்.

ஒரு வேண்டுகோள்: டிரான்ஸ்மிட்டரில் அமைப்புகளை மாற்றும் போதெல்லாம் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். சமிக்ஞை அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதித்த பிறகே முதல் பறத்தலுக்குச் செல்லுங்கள்.

நேர்கோடு எழுதியது:

கட்டுப்பாட்டுப் பரப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்களைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்த அளவுக்கு 17 கிராம் வகையில், உலோகப் பல்சக்கரமும் 3 கிலோ-செ.மீ. முறுக்குவிசையும் கொண்ட டிஜிட்டல் சர்வோக்கள் நான்கு போதும். ஆனால் நல்ல சர்வோவையும் இணைப்பு கெடுத்துவிடும். சர்வோ கையின் நீளத்தை முழு த்ரீடி அசைவுக்கு வைத்துவிட்டு, துல்லியப் பறத்தலுக்காக டிரான்ஸ்மிட்டரில் அசைவை நாற்பது விழுக்காடாகக் குறைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால் சர்வோவின் பயணத்தில் பாதிக்கு மேல் வீணாகிறது. பரப்பை நிறுத்தும் நுட்பம் குறைகிறது. சர்வோவின் சிறு ஆட்டம் பரப்பில் பெரிதாகத் தெரிகிறது. நீங்கள் த்ரீடிக்குச் செல்லும்வரை குட்டையான சர்வோ கையை மாட்டி, அதன் முழுப் பயணத்தையும் பயன்படுத்துங்கள். பின்னர் நீளக் கையை மாற்றுவதற்கு ஒரு திருகு மட்டுமே.

பரப்பின் மீதுள்ள கொம்பில், இணைப்புக் கம்பி மாட்டும் துளை கீலின் கோட்டுக்கு நேர்மேலே அமைய வேண்டும், இல்லையென்றால் மேலசைவும் கீழசைவும் சமமாகாது. கீலின் இடைவெளியை ஒட்டுநாடாவால் அடைத்துவிடுங்கள். காற்று ஊடுருவினால் பரப்பின் வினை மந்தமாகும், வேகத்தில் அதிர்வும் தோன்றலாம்.

தொடக்கத்திற்கு எலிவேட்டர் 12 டிகிரி, ஏலிரான் (விமானத்தை உருட்டும் இறக்கைப் பரப்பு) 18 டிகிரி, ரடர் 30 டிகிரி என வைத்து, குச்சியின் நடுப்பகுதியில் வினையை மென்மையாக்கும் எக்ஸ்போ இருபது விழுக்காடு கொடுங்கள். சில டிரான்ஸ்மிட்டர்களில் நேர்மறை எண்ணும் வேறு சிலவற்றில் எதிர்மறை எண்ணும் குச்சியின் நடுப்பகுதியை மென்மையாக்கும் என்பதால், பரப்பைக் கண்ணால் பார்த்தே உறுதி செய்யுங்கள்.

சுழல்காற்று எழுதியது:

த்ரீடிக்குச் செல்லும்போது எலிவேட்டரில் 45 டிகிரியும் எக்ஸ்போவில் ஐம்பது விழுக்காட்டுக்கு மேலும் வேண்டியிருக்கும். அந்த அமைப்பைத் தனி சுவிட்சில் வைத்து, வேகம் குறைந்த பின்னரே அதைத் தட்ட வேண்டும். முழு வேகத்தில் 45 டிகிரி எலிவேட்டரை இழுப்பது இறக்கைக் குழாயின் வலிமையைச் சோதிப்பதாகும். சர்வோ கை பற்றிய அறிவுரையை நான் இதுவரை இத்தனை தெளிவாகக் கேட்டதில்லை, நன்றி.

வானம்பாடி எழுதியது:

விமானம் பறந்துவிட்டது! பேட்டரியுடன் 1290 கிராம். ஈர்ப்பு மையத்தை வரைபடத்தில் குறித்த எல்லையின் முன்பகுதியில், சராசரி நாண் நீளத்தில் (இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள தூரத்தில்) 27 விழுக்காட்டில் வைத்தேன். தரையை விட்டு எழுந்ததும் இரண்டு கிளிக் ஏலிரான் டிரிம் (நடுநிலைத் திருத்தம்) மட்டுமே தேவைப்பட்டது. தலைகீழாகத் திருப்பிய நொடியில் எனக்கு வியப்பே வந்துவிட்டது. பழைய விமானத்தில் எலிவேட்டரை முன்தள்ளிப் பிடித்ததில் ஒரு சிறு பங்குகூட வேண்டியிருக்கவில்லை.

இனி மூன்று ஐயங்கள். முழுத் திராட்டிலில் செங்குத்தாக ஏற்றினால் மெல்ல இடப்பக்கம் சாய்கிறது. தலைகீழாக 45 டிகிரியில் ஏறவிட்டுக் குச்சியை விட்டால் மூக்கு விரைவாகத் தாழ்கிறது. நைஃப் எட்ஜில் உயரம் நிற்கிறது, ஆனால் விமானம் சக்கரக்காலின் பக்கம் வளைந்து செல்கிறது.

நேர்கோடு எழுதியது:

வாழ்த்துகள்! மூன்றையும் ஒன்றாகத் தொடாமல் வரிசையாகச் செய்யுங்கள், ஏனெனில் முதலில் செய்யும் மாற்றம் அடுத்ததின் அளவை மாற்றிவிடும்.

முதலில் ஈர்ப்பு மையம். தலைகீழான 45 டிகிரி ஏற்றத்தில் மூக்கு விரைவாகத் தாழ்வது முன்பகுதி கனத்திருப்பதன் அடையாளம். பேட்டரியை 5 மி.மீ. பின்னால் நகர்த்தி மறுபடி பாருங்கள். கோடு சிறிது தூரம் நேராகச் சென்று பிறகு மெல்லத் தாழ்ந்தால் அதுவே துல்லியப் பறத்தலுக்கு உகந்த இடம். குச்சியை விட்டதும் தலைகீழான விமானம் தானாக மேலேறினால் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் நேர்ப்பறத்தலில் எலிவேட்டரை மறுபடி டிரிம் செய்தாக வேண்டும்.

அடுத்து மோட்டாரின் கோணம். மேலேறும்போது இடப்பக்கம் சாய்வதற்குப் புரொப்பெல்லரின் சுழற்காற்று செங்குத்து வாலைத் தாக்குவது முக்கியக் காரணம். மோட்டார் சுவரின் இடப்பக்கத் திருகுகளில் அரை மி.மீ. வாஷர் ஒன்றைச் சேர்த்தால் மோட்டாரின் அச்சு மேலும் வலப்பக்கம் திரும்பும். காற்று ஓய்ந்த வேளையில், காற்றின் திசைக்கு நேரெதிராகவே ஏற்றிப் பாருங்கள். பக்கக்காற்றில் இந்தச் சோதனை பொய் சொல்லும். இரண்டு டிகிரிக்கும் இரண்டரை டிகிரிக்கும் இடையில் பெரும்பாலும் நின்றுவிடும். இதை ரடர் டிரிம்மால் திருத்த வேண்டாம், ஏனெனில் திராட்டிலைக் குறைத்து இறங்கும் கோட்டில் அது எதிர்ப்பக்கம் இழுக்கும்.

நைஃப் எட்ஜில் சக்கரக்கால் பக்கம் வளைவதைக் கடைசியாகத் தொடுங்கள். ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்ததும் அதில் ஒரு பகுதி தானே குறையக்கூடும். எஞ்சியதற்கு, ரடர் இரு பக்கமும் அசையும்போது எலிவேட்டர் சிறிது மேலே செல்லும்படி மிக்ஸிங் கொடுங்கள்; ஐந்து விழுக்காட்டில் தொடங்கி, வலப்பக்கம் இடப்பக்கம் என்று தனித்தனியே இரண்டு புள்ளிகளாக அமையுங்கள், ஏனென்றால் இரு பக்கமும் ஒரே அளவு தேவைப்படுவது அரிது. பிறகு ரடரால் ரோலும் சேர்ந்து வருகிறதா என்று கவனித்து, தேவையென்றால் ஏலிரானுக்கும் அதே முறையில் கொடுக்கலாம்.

பால்சாத்தச்சன் எழுதியது:

வாஷரைச் சேர்க்கும்போது மோட்டாரின் அச்சு இடம்பெயர்ந்து, மூக்கு மூடியின் வளையத்தில் சுழல்கூம்பு உரசக்கூடும். ஒரு மி.மீ. இடைவெளியாவது சுற்றிலும் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் சில பறத்தல்களுக்குப் பிறகு கீல்கள் ஒவ்வொன்றையும் விரலால் இழுத்துப் பார்த்து, இறக்கைத் திருகுகளையும் மோட்டார் திருகுகளையும் மறுபடி இறுக்கிவிடுங்கள். புதிய மரம் அழுத்தத்தில் சற்றே அமுங்கும். உறைப்படலத்தில் தோன்றும் சுருக்கங்களைக் குறைந்த சூட்டில் நீக்குங்கள், ஆனால் ஒரே இறக்கையின் மேற்புறத்தை மட்டும் இறுக்காமல் கீழ்ப்புறத்தையும் அதே அளவு இறுக்குங்கள், இல்லையென்றால் நேராகக் கட்டிய இறக்கையில் முறுக்கு ஏறி, நீங்கள் இப்போது செய்யும் டிரிம் வேலை முழுவதையும் மீண்டும் செய்ய நேரிடும்.